தொட்டியில் செடி வளர்த்தால் பாசி ஒழியுமா?

பள்ளியில் அறிவியல் படித்த எவரும் அந்தச் சோதனையை மறந்திருக்க மாட்டார்கள். ஒரு முகவை நிறைய நீர். அதற்குள் ஒரு கொத்து ஹைட்ரில்லா, அதாவது வேலம்பாசி. அதன்மேல் கவிழ்த்த புனல். புனலின் காம்பின்மேல் நீர் நிரப்பித் தலைகீழாக வைத்த சோதனைக்குழாய். வெயிலில் வைத்ததும் குமிழிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறும். ஆசிரியர் முகவை நீரில் ஒரு சிட்டிகை சமையல் சோடா போடுவார். எதற்கென்று நாம் கேட்டதில்லை. அந்தச் சிட்டிகையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் அது தேவைப்படும்.

இங்கே நாம் எடுத்துக்கொண்டிருப்பது ஒரு நூல். டயானா வால்ஸ்டட் என்ற அமெரிக்க நுண்ணுயிரியல் அறிஞர் எழுதி 1999-ல் வெளிவந்த 'ஈகாலஜி ஆஃப் தி பிளாண்டட் அக்வேரியம்'. செடி வளரும் மீன்தொட்டியின் சூழலியலைப் பற்றியது. அழகுக்காக மீன் வளர்ப்போருக்கான புத்தகங்களில், ஒவ்வொரு கூற்றுக்கும் ஆய்வுச் சான்று தேடிக் கொடுக்கும் நூல் அபூர்வம். இது அத்தகையது. அடியில் சாதாரண மண் ஓர் அங்குலம் அல்லது ஒன்றரை அங்குலம், அதன்மேல் ஓர் அங்குலம் பொடிக்கல், நிறையச் செடிகள், கொஞ்சம் மீன்கள், முடிந்தால் ஜன்னல் வெளிச்சம். கரியமிலவாயு உருளையும் பெரிய வடிகட்டியும் வேண்டாம். பாசியைச் செடிகளே அடக்கிவிடும் என்பது நூலின் வாதம்.

இந்த நூலுக்கு நான் வந்து சேர்ந்தது ஒரு தோல்வியின் வழியாக. ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையிலுள்ள எங்கள் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில், ஒளிவிலகலைக் காட்டுவதற்கென்று சுமார் 100 லிட்டர் பிடிக்கும் கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. மாணவர்கள் கொளத்தூருக்குப் போய் வண்ண மீன்களும் செடிகளும் வாங்கி வந்து அதில் விட்டார்கள். மூன்று வாரத்தில் நீர் பட்டாணி வேகவைத்த தண்ணீர் போலாயிற்று. ஒரு கடையில் நீலநிற மருந்து ஒன்று கொடுத்தார்கள். வேதியியல் நண்பர் அதில் சில துளி அம்மோனியாக் கரைசலை விட்டுப் பார்த்தார், அடர்நீலம் தோன்றியது. ஆக, மயில்துத்தம்! அதற்குள் பாதிக் குப்பி தொட்டிக்குள் போய்விட்டது. பாசி செத்தது, பாசியை மேய்ந்துகொண்டிருந்த நத்தைகளும் செத்தன. இரண்டும் அழுகி, அவற்றிலிருந்த நைட்ரஜன் அம்மோனியாவாக நீருக்குத் திரும்பியது. பதினைந்தாம் நாள் நீர் முன்னைவிடப் பச்சை.

நத்தையைக் கொன்றது எவ்வளவு பெரிய தவறு என்பதற்கு வரலாறே சாட்சி. 1850-ல் இலண்டன் வேதியியலார் ராபர்ட் வாரிங்டன், தங்கமீன் இரண்டையும் வாலிஸ்நேரியா செடியையும் ஒரு கலத்தில் வளர்த்துப் பார்த்தார். செடி ஆக்சிஜன் தரும், மீன் கரியமிலவாயு தரும், கணக்கு சரியாகிவிடும் என்பது எதிர்பார்ப்பு. சரியாகவில்லை. இலைகள் அழுகின, பச்சை வழவழப்பு படர்ந்தது. குளத்து நத்தைகளைப் போட்ட பிறகே நீர் தெளிந்தது. 'சமநிலைத் தொட்டி' என்ற எண்ணம் பிறந்த அன்றே அதற்கு மூன்றாவது ஆள் தேவைப்பட்டது. ஆனால் பாடப் படங்களில் இன்றும் மீனும் செடியும்தான் இருக்கின்றன!

வால்ஸ்டட் அம்மையாரின் நூலில் மிகச் சிறந்த பகுதி அம்மோனியாவைப் பற்றியது. மீன்கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை வடிகட்டியிலுள்ள பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுகின்றன. நைட்ரேட்டைச் செடி உண்கிறது என்றுதான் மீன் வளர்ப்போர் காலங்காலமாகச் சொல்லி வந்தார்கள். அம்மையார் தாவரவியல் ஆய்வுகளைத் தொகுத்து, நீர்ச்செடிகளில் பெரும்பாலானவை அம்மோனியத்தையே முதலில் எடுக்கின்றன என்று காட்டுகிறார். இயற்பியல் மாணவருக்கு இதில் ஒரு சுவை உண்டு. அம்மோனியா நைட்ரேட்டாகும்போது வெளிவரும் ஆற்றலைப் பாக்டீரியா எடுத்துக்கொள்கிறது. அந்த நைட்ரேட்டைப் புரதமாக்க வேண்டுமானால், செடி தன் ஆற்றலைச் செலவிட்டு அதை மறுபடி அம்மோனியமாக்க வேண்டும். மலையேற்றிய பாரத்தை இறக்கி, மீண்டும் ஏற்றுவது போன்ற வீண் வேலை. எனவே பெரிய வடிகட்டி, செடிக்கு உதவியாளன் அன்று, போட்டியாளன்.

வாதம் அழகானது. ஆனால் ஒரு கேள்வி எஞ்சுகிறது. பாசிக்கும் அம்மோனியம்தானே பிடிக்கும்? இருவரும் ஒரே இலையில் உண்ண உட்கார்ந்தால் யார் வெல்வார் என்பதை விருப்பம் தீர்மானிக்காது. ஆட்களின் எண்ணிக்கை தீர்மானிக்கும். முதல் நாளிலேயே தொட்டி நிறையச் செடி வேண்டும் என்று நூல் வற்புறுத்துவதன் காரணம் இதுவே. எங்கள் மாணவர்கள் நட்டவை ஆறு செடிகள்.

பாசியை அடக்குவது எது என்பதற்கு நூல் தரும் விடைகளுள் இரண்டை எடைபோடலாம். ஒன்று, செடிகள் தம் வேதிப்பொருள்களால் பாசியைத் தடுக்கின்றன என்பது. இங்கே நூலின் கால் சற்று தடுமாறுவதாக எனக்குப் படுகிறது. இலையை அரைத்து எடுத்த சாறு சோதனைத் தட்டில் பாசியைத் தடுக்கலாம். தொட்டியில் அதே செடி உணவையும் பறிக்கிறது, வெளிச்சத்தையும் மறைக்கிறது, சாற்றையும் கசியவிடுகிறது. மூன்றையும் பிரித்து அளக்காமல் பெருமையைச் சாற்றுக்குக் கொடுப்பது எப்படி? ஒன்றை மட்டும் மாற்றி மற்றவற்றை நிலையாக வைப்பது சோதனையின் அரிச்சுவடி.

இரண்டாவது, இரும்பு. இது நுட்பமான வாதம். நீரில் கரைந்துள்ள மக்கிய பொருள்கள் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்கின்றன. ஒளி பட்டதும் சிறிதளவு இரும்பு ஃபெரஸ் நிலைக்கு வந்து விடுபடுகிறது. ஆக்சிஜன் அதை மீண்டும் மாற்றும் முன் பாசி அதை உண்கிறது. செடிக்கோ வேர் உண்டு, மண்ணிலிருந்து எடுத்துக்கொள்ளும். எனவே நீரில் இரும்பு குறைவாகவும் மண்ணில் நிறைவாகவும் இருந்தால் செடி வெல்லும். ஆனால் ஆழ்துளைக் கிணற்று நீரிலேயே இரும்பு இருந்து, பிடித்து வைத்த வாளியின் ஓரத்தில் துருநிறம் படியும் வீடுகள் நம்மில் பல உண்டே! அங்கே இந்தத் தடுப்பு இல்லாமல் போய்விடும். இத்தகைய வீட்டை நினைத்து எழுதப்பட்டதன்று அந்த அத்தியாயம்.

இதற்கு எதிரான பாஸ்பரஸ் கட்சி ஒன்றும் உண்டு. 1990-களில் பால் சியர்ஸ், கெவின் கான்லின் என்ற இருவர், நீரில் பாஸ்பேட்டைப் பட்டினி போட்டால் பாசி அடங்கும் என்றார்கள். இக்கருத்துக்குப் பின்னே ஒரு பெரிய ஏரி நிற்கிறது. 1973-ல் கனடாவின் ஆண்டாரியோவில் 226-ஆம் எண் ஏரியை ஒரு திரையால் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் கார்பனும் நைட்ரஜனும். மறுபக்கம் அவற்றோடு பாஸ்பரசும் இட்டார்கள். பாஸ்பரஸ் இட்ட பக்கம் பச்சையாயிற்று. ஒரே ஒரு பொருளை மாற்றிய சோதனைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது. ஆயினும் அது இயல்பிலேயே சத்துக் குறைந்த ஏரி. நம் தொட்டியிலோ நாள்தோறும் மீன் உணவோடு பாஸ்பரஸ் விழுகிறது. அங்கே அதைப் பட்டினி போடுவது, ஓட்டை அடைக்காமல் படகிலிருந்து நீர் இறைப்பது போன்றது.

இனி அந்தச் சிட்டிகை சோடா. நீரில் கரியமிலவாயு பரவும் வேகம் காற்றில் பரவுவதைப்போல் ஏறத்தாழ பத்தாயிரத்தில் ஒரு பங்கு. காற்றோடு சமநிலையிலுள்ள நீரில் அது லிட்டருக்கு அரை மில்லிகிராம் அளவே இருக்கும். வேலம்பாசியும் வாலிஸ்நேரியாவும் இதற்கு ஒரு வழி கண்டிருக்கின்றன: பைகார்பனேட்டிலிருந்தே கார்பனை எடுக்கும். ஆசிரியர் போட்ட சோடா அவற்றுக்குச் சாப்பாடு! நம் கடின நீரில் பைகார்பனேட் தாராளம். ஆகவே பெயர் தெரியாத வெளிநாட்டுச் செடிகளுக்குப் பணம் கொடுப்பதைவிட இவற்றை நடலாம். அம்மையார் இந்த வேறுபாட்டைத் தெளிவாக எடுத்துரைக்கிறார். இலைமேல் சுண்ணாம்புபோல் வெண்படிவு தெரிந்தால் பயப்பட வேண்டாம். செடி பைகார்பனேட்டை உண்டதன் மிச்சம் அது.

விளக்கைப் பற்றிய யோசனையும் இதிலிருந்து பிறந்ததே. ஐந்து மணி நேரம் வெளிச்சம், நான்கு மணி நேரம் ஓய்வு, மீண்டும் ஐந்து மணி நேரம் வெளிச்சம். காலையில் தீர்ந்துபோன கரியமிலவாயு ஓய்வு நேரத்தில் மீள்கிறது. எங்கள் மாணவர் ஒருவர் ஒரகடத்தில் வாடகை அறையில் அண்ணனுடன் இருக்கிறார். அண்ணனுக்குத் தொழிற்சாலையில் ஷிப்டு வேலை. அறை விளக்கு எந்நேரமும் எரியும். அவர்கள் தொட்டியும் எந்நேரமும் பச்சை. தொட்டிக்கு ஒரு கறுப்புத் துணியைத் திரையாகப் போட்டு இந்த முறையைப் பின்பற்றினார்கள். ஒரு மாதத்தில் பின்சுவர் தெரிந்தது. ஒரே ஒரு தொட்டியைக் கொண்டு நான் எதையும் நிரூபித்துவிடவில்லை. மூன்று ரூபாய் செலவில்லாமல் செய்யக்கூடியது என்பதற்காகச் சொல்கிறேன்.

'சமநிலை' என்ற சொல்லோடுதான் எனக்கு உண்மையான சண்டை. தராசு அசையாமல் நிற்பது சமநிலை. தொட்டி அப்படியன்று, ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருக்கிறது, மறுபக்கம் வெளியேற வேண்டும். மீன் உணவில் என்னென்ன சத்துகள் உள்ளன என்று நூல் பட்டியல் தருகிறது. அதைப் பிடித்துக்கொண்டு ஒரு கணக்குப் போடலாம். ஒரு கிராம் உணவில் 40 விழுக்காடு புரதம் என்போம். புரதத்தில் 16 விழுக்காடு நைட்ரஜன். ஆக 64 மில்லிகிராம். உலர்ந்த நீர்ச்செடியில் நைட்ரஜன் இரண்டரை விழுக்காடு என்று கொண்டால், இதைச் செடியாக மாற்ற இரண்டரை கிராம் உலர்செடி வேண்டும். செடியில் பத்தில் ஒன்பது பங்கு நீர். ஆகவே 25 கிராம் பச்சைச் செடி. தினம் ஒரு கிராம் உணவு போட்டால் மாதத்துக்கு முக்கால் கிலோ செடியை வெட்டி வெளியே எடுக்க வேண்டும்! மீனின் உடலில் ஒரு பகுதி தங்கும், மண்ணிலுள்ள பாக்டீரியா ஒரு பகுதியை நைட்ரஜன் வாயுவாக்கிவிடும். பாதி என்றே வைத்துக்கொண்டாலும் எங்கள் தொட்டி அவ்வளவு செடி வளர்க்காது. உணவை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தோம். மீன்கள் மெலியவில்லை.

நூலின் பெருங்குறை தட்பவெப்பம். வட கரோலினாவில் எழுதப்பட்ட நூல் அது. 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் நீர் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்து வைத்திருக்கும். 30 டிகிரியில் சுமார் 7.6 மட்டுமே. அதே பத்து டிகிரி உயர்வு, மண் மக்கும் வேகத்தை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. வரவு குறைந்து செலவு கூடுகிறது. மே மாதத்தில் ஒன்றரை அங்குல மண் போட்ட தொட்டியில் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாய் பிளப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்காகவா என்று கேட்கலாம். எங்கள் கல்லூரியிலிருந்து எந்தத் திசையில் போனாலும் ஓர் ஏரி வரும்: ஸ்ரீபெரும்புதூர் ஏரி, பிள்ளைப்பாக்கம் ஏரி, சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம். விடுமுறையில் மாணவர் குழுக்கள் 'ஏரியில் பாசி எடுக்கிறோம்' என்று கிளம்புகின்றன. நல்ல எண்ணம்தான். ஆனால் நம் மொழியில் பாசி என்ற ஒரே சொல் நீரைப் பச்சையாக்கும் நுண்ணுயிரையும், வேரும் பூவும் உடைய வேலம்பாசியையும் குறிக்கிறது. கைக்கு அகப்படுவது இரண்டாவதுதான். முதலாவது விரலிடுக்கில் வழிந்துவிடும். மேலே மிதந்து வெளிச்சத்தை மறைக்கும் ஆகாயத்தாமரையை எடுப்பது வேறு. காற்றிலிருந்தே கரியமிலவாயு பெறும் செடிகளின் வலிமையைப் பற்றி நூலில் ஓர் அத்தியாயமே உண்டு; ஆகாயத்தாமரை ஏன் ஏரியை மூடுகிறது என்று அறிய அதைப் படிக்கலாம். வேலம்பாசியை வேரோடு அள்ளினால் நடப்பது வேறு. 1993-ல் டச்சு அறிஞர் மார்ட்டென் ஷெஃபரும் உடன் ஆய்ந்தோரும் காட்டியபடி, ஆழமற்ற ஏரிக்கு இரண்டு நிலைகள் உண்டு: செடி நிறைந்த தெளிந்த நீர், அல்லது செடியற்ற கலங்கிய பச்சை நீர். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போன ஏரி, சத்தை முன்பிருந்த அளவுக்குக் குறைத்தாலும் திரும்பி வருவதில்லை. அதற்கும் கீழே குறைக்க வேண்டும். காந்தத் தயக்கக் கண்ணி வரைந்த மாணவருக்கு இது புதிதன்று. புலத்தைச் சுழியாக்கினாலும் இரும்பு காந்தமாகவே நிற்பதைப் போன்றது இது. எங்கள் தொட்டி மருந்துக்குப் பிறகு நின்ற இடமும் அதுதான். நூல் கண்ணாடிச் சுவரோடு நின்றுவிடுகிறது. வீட்டுத் தொட்டிக்கான நூல் என்பதால் அதைக் குற்றமாகச் சொல்வதற்கில்லை.

யாராவது இதைத் தமிழில் கொண்டுவந்தால், தொட்டி அமைப்பைச் சொல்லும் அத்தியாயத்தில் அடிக்குறிப்பாகச் சிலவற்றைச் சேர்க்கலாம். மண் அரை அங்குலம் போதும். எரு கலந்த மண் கூடாது. நீரில் துரு படியுமானால் ஒரு நாள் காற்றூட்டித் தெளியவைத்து ஊற்றவும். கோடையில் சிறிய காற்றுப் பம்பு இரவில் ஓடட்டும். நேர் வெயில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெட்டிய செடியை ஏரியில் எறிய வேண்டாம். தென்னை மரத்தடியில் போடவும். எங்கள் ஆய்வுக்கூடத் தொட்டி இப்போது இந்த ஏற்பாட்டில் ஓடுகிறது. ஒளிவிலகல் சோதனைக்கு மட்டும் வேறொரு தொட்டி வாங்க வேண்டியதாயிற்று.