வில்வேட்டையும் சாட்சியின் கண்ணும்: புறநானூற்றின் இரு பாடல்களை முன்வைத்து

புறநானூற்றின் 150, 152 ஆம் பாடல்கள் கொடைச் சிறப்பினைக் கூறுவன என்ற அளவிலேயே நம் வகுப்பறைகளில் பெரிதும் பயிற்றப்படுகின்றன. இரண்டையும் பாடியவர் வன்பரணர். முன்னது கண்டீரக் கோப்பெருநள்ளியையும் பின்னது வல்வில் ஓரியையும் பற்றியது. கொடையைப் பேசுவதற்கு முன் இவை வில்வேட்டையைப் பேசுகின்றன. அவ்வேட்டையும் வேட்டுவன் வாய்மொழியாக அன்றி, வழிச்செல்லும் இரவலன் கண்ட காட்சியாக அமைகிறது. இக்கூறு போதிய கவனம் பெறவில்லை என்பது என் கருத்து.

இம்மறுவாசிப்புக்கான தூண்டுதல் நூலகத்தில் கிடைத்ததன்று. தெலுக் பங்லிமா காராங்கில் உறவினர் இல்லத்து முன்கூடத்தில் அமர்ந்திருந்தபோது, கல்லூரியில் பயிலும் இளைஞன் ஒருவன் தன் கைப்பேசியில் ஓர் அமெரிக்க வில்வேட்டைப் படத்தைக் காட்டினான். செம்பனைக் கன்றுகளைக் காட்டுப்பன்றி கிளறித் தின்னும் ஊராதலால் அவனுக்கு அதில் இயல்பாகவே ஆர்வம் மிகுதி. அரசுக்குரிய பொதுக்காட்டில் வேட்டுவர் பல நாள் அலைந்து குளம்படி பார்க்கிறார். காற்றின் திசை அறிகிறார். மரத்தின்மேல் இருக்கை கட்டுகிறார். மற்றொரு கிளையில் ஒளிப்படக்கருவி. அம்பு பாய்ந்ததும் வேட்டுவர் அக்கருவியை நோக்கித் திரும்பித் தம் பெருமிதத்தைத் தாமே உரைக்கிறார். இறுதிக் காட்சியில் மானின் கொம்பு மட்டும் அவர் கையில் இருக்கிறது.

இவ்வகைப் படத்திற்கு நெடிய முன்வரலாறு உண்டு. யாகி இனத்தின் கடைசி மனிதராக அறியப்பட்ட இஷி, 1916இல் மறைவதற்கு முன்னர் சாக்ஸ்டன் போப் என்னும் கலிபோர்னிய மருத்துவருக்கு வில்வித்தையைப் பயிற்றுவித்தார். போப் அதனை நூலாக்கி 1923இல் வெளியிட்டார். அவர்தம் வேட்டைத் தோழர் ஆர்ட் யங் 1920களிலேயே அலாஸ்காவில் வில்வேட்டையைத் திரைப்படமாக்கினார். பிழைப்பாக இருந்த ஒரு திறன் ஒரு தலைமுறைக்குள் காட்சியாகிவிட்டது.

இப்பின்புலத்தில் 152 ஆம் பாடலை நோக்குவோம். ஓரியின் ஒரே அம்பு வேழத்தை வீழ்த்துகிறது, புலியைக் கொல்கிறது, கலைமானை உருட்டுகிறது, பன்றியைச் சாய்க்கிறது, முடிவில் புற்றில் கிடந்த உடும்பில் தைத்து நிற்கிறது. உயர்வு நவிற்சி என்று ஒரு சொல்லில் இதனைக் கடந்துவிடுவது நம் வழக்கம். ஆயின் அதன் வரிசைமுறை நோக்கத்தக்கது. பேருடலில் தொடங்கிச் சிற்றுடலில் முடிகிறது. அம்பின் விசை குறையக் குறைய இலக்கும் குறுகுகிறது. பொய்க்குள்ளும் ஓர் இயற்பியல் இருக்கிறது. அதனினும் முதன்மையானது, அம்பு ஓய்ந்து நிற்கும்வரை எய்தவன் நம் கண்ணில் படுவதே இல்லை என்பதாகும். புலவரின் கண் அம்பைப் பின்தொடர்கிறது; முகத்தை நாடவில்லை.

பின்னரே ஐயம் எழுகிறது: இக்கொலைவன் யாவன்? விலைக்குக் கொல்பவனைப் போல் இவன் தோன்றவில்லை, மார்பில் ஆரம் கிடக்கிறது, ஓரிதானோ? பாணர் கூட்டம் இசைத்துப் பாடி அவனைக் கோ என விளிக்க, அவ்விளி தன்னைக் குறித்தமையால் அவன் நாணுகிறான். 150 ஆம் பாடலின் வேட்டுவன் இதனினும் ஒதுங்கியவன். காட்டுவழியில் மயங்கிய தன் இளையர் வந்து சேருமுன் தானே தீக்கடைந்து ஊன் சுட்டு இரவலரை உண்பிக்கிறான், அணிகலன்களை அளிக்கிறான், நாடும் கூறான், பேரும் கூறான். அவன் நள்ளி என்பது வழியில் பிறர் சொல்லித்தான் தெரியவருகிறது.

இதனைக் கொண்டு பண்டையோர் பணிவுடையோர், இன்றையோர் தற்பெருமையர் என்று தீர்ப்பு எழுதுவது எளிது, அது பிழையுமாகும். வன்பரணர் பரிசில் நாடிச் செல்பவர். நாணமும் பெயர் மறைப்பும் அவர் தெரிந்தமைத்த காட்சிகளே. புரவலனை விளம்பரப்படுத்த இதனினும் நுண்ணிய வழி இல்லை. வில்நிறுவனத்தின் ஆதரவில் எடுக்கப்படும் படத்திற்கும் இப்பாடலுக்கும் உள்ள உறவு நாம் ஒப்புக்கொள்ள விரும்புவதைவிட நெருக்கமானது. வேறுபாடு, சாட்சி வேறொருவராக இருப்பதிலும் அச்சாட்சி பசித்தவராக இருப்பதிலும் உள்ளது. கொன்றது உணவாயிற்றா என்பதை உண்டவரே சொல்ல இயலும்.

விலைக்குக் கொல்லாமை என்னும் அளவுகோல் பழம்பாடலோடு நின்றுவிடவில்லை. மலேசியாவின் 2010 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், பூர்வகுடியினர் தம் குடும்ப உணவுக்காகக் குறிப்பிட்ட சில விலங்குகளை வேட்டையாட இசைகிறது. ஆனால் அவற்றை விற்கவோ பண்டமாற்றவோ இசையாது. தெலுக் பங்லிமா காராங்கிற்கு அண்மையிலுள்ள கேரித் தீவின் மா மெரி மக்களை மரச்சிற்பத்திற்காகவும் முகமூடிக்காகவும் அறிந்துள்ள நம் மாணவர், இச்சட்டப் பிரிவு அவர்களையும் தழுவுவது என்பதை அறியார்.

இவ்வளவுகோலைக் கொண்டு ஓரியின் பாடலுக்கு மீண்டால் ஓர் இடர்ப்பாடு தோன்றுகிறது. அவன் பாணருக்கு அளித்தது மானின் நிணமிக்க ஊனும் மதுவும் தன் மலைப் பொன்னும் மணியுமே. வீழ்ந்தவை ஐந்து; அடுப்பேறியதாகப் பாடல் கூறுவது மான் ஒன்றே. வேழமும் புலியும் பன்றியும் உடும்பும் என்னவாயின என்பதை வன்பரணர் கூறவில்லை. உரைகாரர் வழிநின்று பாடஞ்சொன்ன நாமும் கேட்டதில்லை. அன்று கைப்பேசியைத் திருப்பி வாங்கிக்கொண்ட இளைஞன், இப்பாடலின் கதையைக் கேட்டவுடன் முதலில் கேட்டது அதைத்தான்: "அப்புறம் அந்த யானையை என்ன செஞ்சாங்க, சார்?"