தர்க்கத்தின் கடிவாளம் வள்ளி கையில்

அந்தக் காலத்தில் மலேசியாவின் ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்துத் தோட்டங்களில் திருவிழா நாடகம் என்றால், மீசையை மழித்துச் சேலை கட்டிய ஆண்தான் பெரும்பாலும் வள்ளியாக வந்தார். அந்த மேடையைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு, இரண்டாம் உலகப் போருக்கு முந்திய அதே காலத்தில் தமிழ்நாட்டு நாடகக்காரி ஒருத்தி இயக்குநரானது வியப்பாகத்தான் இருக்கும். திருவையாற்றில் 1911இல் பிறந்த டி. பி. ராஜலட்சுமி, 1936இல் ‘மிஸ் கமலா’ படத்துக்குக் கதை எழுதி, சொந்தமாகத் தயாரித்து, இயக்கி, நடித்தார். தென்னிந்தியாவின் முதல் பெண் இயக்குநர் என்று பட்டம் கொடுத்துவிட்டு எல்லாரும் நகர்ந்துவிடுகிறோம். என் கட்சி வேறு: இயக்கும் வித்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தது ஸ்டூடியோ அல்ல, ஸ்திரீபார்ட் என்னும் நாயகி வேடம்.

அக்காலத்து ஸ்பெஷல் நாடகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜபார்ட் ஓர் ஊர், ஸ்திரீபார்ட் ஓர் ஊர், பபூன் வேறோர் ஊர்; ஒத்திகை கிடையாது. ‘வள்ளி திருமண’த்தில் நாரதரோடு வள்ளி செய்யும் தர்க்கம் எவ்வளவு நேரம் என்று எந்த ஏட்டிலும் இருக்காது. கூட்டம் ரசிக்கிறதா, பீடி பற்றவைக்க எழுந்து போகிறதா என்று பார்த்துக்கொண்டே வள்ளி பேச்சை இழுப்பாள், நறுக்குவாள். போதுமென்று பட்டால் நாரதர் விட்ட வார்த்தையிலேயே பாட்டைத் தொடங்குவாள். ஆர்மோனியக்காரர் சுருதியைப் பிடிக்க, மிருதங்கம் வந்து சேரும். இது வெறும் நடிப்பா? 1931இல் ‘காளிதாஸ்’ படத்தில் நாயகன் தெலுங்கில் பேச, ராஜலட்சுமி தமிழில் பதில் சொன்னார். மொழியே ஒட்டாத காட்சியைத் தாங்க, முன்பின் பழகாத ராஜபார்ட்டை மேடையிலேயே சமாளித்த நாக்கு வேண்டும்.

ராஜலட்சுமி சாமண்ணாவின் நாடகக் கம்பெனியில் வளர்ந்தவர், கம்பெனியில் வாத்தியார் சொன்னதுதானே சட்டம் என்று கேட்கலாம். சட்டம்தான். ஆனால் பாடம் சொல்லிக் கொடுத்த வாத்தியார் படுதாவுக்குப் பின்னால் நிற்பார். இரவு இரண்டு மணிக்குத் தூங்கி வழியும் கூட்டத்தை எழுப்ப வேண்டியவர் முன்னால் நிற்பவர். அப்படியானால் ஸ்திரீபார்ட் போட்ட எல்லாரும் ஏன் இயக்குநராகவில்லை? இந்தக் கேள்விதான் கனமானது. திறமையோடு பணப்பெட்டியும் வேண்டும் என்பதே என் பதில். கும்பகோணம் பாலாமணி அம்மாள் முன்பே பெண்களைக் கொண்டு குழு நடத்தினார், குழு அவருடையது. திறமை மட்டும் போதாது என்பதற்குப் பாரிஸ் சாட்சி: 1927இல் அங்கே கூட்டணி சேர்ந்த நாடக இயக்குநர்கள் நால்வரும் ஆண்கள். அவர்களில் ஜோர்ஜ் பிட்டோயெஃப் இயக்கிய மேடையைத் தாங்கியவர் அவர் மனைவி லுட்மிலா. ஆனால் கூட்டணியில் லுட்மிலாவின் பெயர் இல்லை. ‘மிஸ் கமலா’வுக்குப் பணம் போட்டவர் ராஜலட்சுமி; இயக்குநர் யாரென்று தீர்மானிக்க அங்கே வேறு முதலாளி இல்லை.