கோப்பைக்குள் சிக்கிய ஒளி

விருத்தாசலத்தில் வாங்கிய பீங்கான் கோப்பை ஒன்று ஸ்ரீமுஷ்ணம் வீட்டில் என் மேசைமேல் இருக்கிறது. அதன் கிளேஸ் பூச்சில் ஜன்னல் வெளிச்சம் என்ன ஆகிறது என்று பைத்தானில் எழுதிப் பார்ப்பது இப்போது என் மாலைநேர வேலை.

பூச்சின் ஒளிவிலகல் எண்ணை 1.5 என்று வைத்தேன். நேராக விழும் ஒளியில் 4 சதவீதம் மேற்பரப்பிலேயே திரும்புகிறது. அந்தப் பளபளப்புக்கு ஒரே வரிதான். மீதி உள்ளே போய், வெள்ளை மண்ணில் சிதறி, வெளியே வரப் பார்க்கிறது. அங்கேதான் விஷயம் இருக்கிறது.

53 டிகிரியில் ஒரு கதிரை உள்ளிருந்து அனுப்பினேன். விலகு கோணத்தின் சைன் 1.2 என்று வந்தது. அடுத்த வரியில் மைனஸ் 0.44க்கு வர்க்கமூலம் கேட்டதும் நிரல் பிழை காட்டி நின்றுவிட்டது. 'மேத்' நூலகத்தின் பெயருக்கு முன்னால் 'சி' என்ற ஒற்றை ஆங்கில எழுத்தைச் சேர்த்தேன். உடனே 0.66 என்று ஒரு கற்பனை எண் வந்தது! அதை அப்படியே பிரெனல் சமன்பாட்டில் போட்டால் எதிரொளிப்பு சரியாக 1. கதிர் முழுவதும் உள்ளேயே திரும்பிவிட்டது. 1823இல் இயற்பியலாளர் பிரெனல் காகிதத்தில் சந்தித்ததும் இதே கற்பனை எண்தான். அதைத் தூக்கிப் போடாமல், ஒளியலையின் கட்டம் நகர்கிறது என்று புரிந்துகொண்டார்.

அதே சூத்திரத்தில் வர்க்கமூலத்தை 'நம்பை' நூலகத்திடம் விட்டு, ஓர் எண்ணுக்குப் பதிலாக அதன் கலப்பெண் அணியை வைத்தால் பத்து லட்சம் கதிர்களுக்கும் விடை வருகிறது. அடியில் உழைப்பது சி மொழிதான். ஆனால் என் கண்முன் இருப்பது இயற்பியல் மட்டும். 41.8 டிகிரியைத் தாண்டிய கதிர்கள் ஒன்றுகூட வெளியே வரவில்லை.