உருகி வழியும் கண்ணாடி

கிரிம் சகோதரர்கள் 1812இல் அச்சிட்ட ஸ்னோ ஒயிட் கதையில் கண்ணாடி பேசும், அவ்வளவுதான். 2012இல் வந்த ‘ஸ்னோ ஒயிட் அண்ட் தி ஹன்ட்ஸ்மேன்’ படத்தில் அது பொன்னாக உருகி, தரையில் வழிந்து, முக்காடிட்ட ஆளாக எழுந்து நிற்கிறது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் வழுவழுப்பான பொன் மட்டும். எவ்வளவு அழகான பயம்!

அந்தப் படத்தின் காட்சி விளைவுகளை மேற்பார்வையிட்ட செட்ரிக் நிக்கோலாஸ் ட்ரோயன்தான் 2016இல் கிளைப்படமான ‘தி ஹன்ட்ஸ்மேன்: வின்டர்ஸ் வார்’ படத்தை இயக்கினார். வேட்டைக்காரனை முன்னே நிறுத்தி, ஆண்டர்சன் கதையின் பனி அரசியை, ஃப்ரேயா என்ற பெயரில், முதல் படத்தின் தீய அரசி ராவென்னாவுக்குத் தங்கையாக்கினார்கள். திரைக்கதை ஆங்காங்கே தடுமாறும்தான். ஆனால், குழந்தையை இழந்த ஃப்ரேயாவின் அலறலோடு பனி வெடித்துக் கிளம்பும் இடத்தில் மாயாஜாலம் துக்கத்திலிருந்தே பிறக்கிறது. அந்த ஒரு காட்சிக்காகவே படத்தைப் பார்க்கலாம்.