பக்கவாட்டுக் கீழ்ப் படுக்கை

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோயில் வாரத்தில் திங்கள், வெள்ளி இரண்டு நாள்தான் வழக்கமாகத் திறந்திருக்கும். அருகிலுள்ள பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. எனவே சென்னையிலிருந்து ரயிலில் வரும் குலதெய்வக்காரர்கள் ஞாயிறு, வியாழன் இரவுகளில் மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறி, விடியுமுன் அரியலூரில் இறங்குவார்கள்.

டிக்கெட் 60 நாள் முன்பே எடுக்கலாம். எந்தப் படுக்கை என்பதில்தான் சாமர்த்தியம். எண்ணை எட்டால் வகுத்து, மீதியைப் பாருங்கள்: 1, 4 கீழே, 2, 5 நடு, 3, 6 மேலே, 7 பக்கவாட்டுக் கீழ், மீதியே இல்லாவிட்டால் பக்கவாட்டு மேல். நடுப் படுக்கை என்னைப் பொறுத்தவரை தண்டனை. இரவு 10 முதல் காலை 6 வரைதான் அதை விரிக்க உரிமை. நிமிர்ந்து உட்காரவும் முடியாது.

எனக்குப் பிடித்தது 7. எதிரெதிர் இருக்கைகளின் முதுகுச் சாய்மானத்தை மடக்கினால் படுக்கை தயார். நடுவிலுள்ள இணைப்பு இடுப்பில் உறுத்தும். துண்டை நாலாக மடித்துப் போட்டால் போதும். தலைமாட்டிலேயே தனி ஜன்னல். ஆர்ஏசி என்றால் மட்டும் இன்னொருவரோடு பங்கு, தூக்கம் போச்சு! ஆஸ்திரியாவின் நைட்ஜெட் ரயிலில் 2023 முதல் ஒருவர் மட்டும் படுக்கும் குட்டி அறைகள் வந்துவிட்டன. சௌகரியம்தான், ஆனால் விருத்தாசலத்தில் டீக்காரர் குரல் கேட்காதே.

60 தாண்டிய ஆண்களுக்கும் 45 தாண்டிய பெண்களுக்கும் கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு உண்டு; அம்மாவுக்கு எடுக்கும்போது வயதைச் சரியாகப் போடுங்கள். அலாரமும் வையுங்கள், அரியலூரில் வண்டி நிற்பது ஓரிரு நிமிடம்தான்.