செய்தி கேட்காத மன்றாட்டு

விசுவாசிகள் ஒருவருக்காக ஒருவர் மன்றாடும்போது, நோய் தீரவும் வேலை கிடைக்கவும் மாத்திரம் கேளாமல், அவர்கள் விசுவாசத்திலும் அன்பிலும் பெருகவேண்டும் என்று கேட்பது திருச்சபையின் ஆதி வழக்கங்களுள் ஒன்று. அவ்வழக்கம் கேமரன் மலைத் தேயிலைத் தோட்டங்களைக் குறித்து நம் பட்டணத்துத் தமிழ்ச் சபைகளில் இப்போது புதிய ஊக்கத்தோடு கைக்கொள்ளப்பட்டு வருகிறது. ஈப்போவிலிருந்தும் கோலாலம்பூரிலிருந்தும் தியான முகாமுக்காகத் தானா ராத்தாவுக்கும் பிரிஞ்சாங்குக்கும் ஏறிவருகிற குழுக்கள், விடியற்காலையில் பச்சைச் சரிவுகளை நோக்கி நின்று, தோட்டத்து விசுவாசிகள் யாவரும் அன்பில் வளரும்படி கண்ணீரோடு மன்றாடிவிட்டு, அந்தத் தோட்டத்து விசுவாசிகளில் ஒருவரையும் காணாமலே, தாப்பா வழியாகவோ சிம்பாங் பூலாய் வழியாகவோ இறங்கிப் போய்விடுகின்றன. இதைக் குறித்து எவரேனும் வினவினால் சொல்வதற்கு ஒரு சமாதானமும் ஆயத்தமாக இருக்கிறது. கூலிக்குத் தொழிற்சங்கமும் பள்ளிக்கு அரசாங்கமும் இருக்கையில், ஆத்துமாவின் வளர்ச்சிக்காக மன்றாடுவதே சபைக்கு உரிய பணி என்பது அதன் முற்பாதி. இன்னாருக்கு இன்ன குறை என்பதைத் தேவன் அறிந்திருக்கிறபடியால் அதை நாம் அறியவேண்டிய அவசியமில்லை என்பது அதன் பிற்பாதி. முற்பாதியைப் பற்றி நான் இங்கே வழக்காடப் போவதில்லை. பிற்பாதி பிழையானது என்பதும், அந்தப் பிழை மன்றாட்டின் உயிரையே கெடுக்கிறது என்பதும் நெடுங்காலமாக என் நெஞ்சில் இருந்துவரும் அபிப்பிராயமாதலால், அதைச் சற்று விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வழக்கத்தின் சிறப்பை ஒப்புக்கொள்வதில் எனக்குத் தயக்கமில்லை. தன் குடும்பத்தின் தேவைகளையே சுற்றிச் சுற்றி வருகிற ஜெபத்தை அது வெளியே இழுத்து விடுகிறது. கைம்மாறு செய்ய இயலாதவர்களை நினைக்கச் செய்கிறது. உடல் சுகத்தைக் காட்டிலும் பெரிய நன்மை ஒன்று உண்டு என்று வாரந்தோறும் ஞாபகப்படுத்துகிறது. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1963-இல் வெளியிட்ட வழிபாட்டுச் சாசனத்தின் வாயிலாக, வழக்கொழிந்து கிடந்த விசுவாசிகள் மன்றாட்டை மீண்டும் திருப்பலியில் சேர்த்ததும் இத்தகைய மன்றாட்டு சபையின் சுவாசம் என்று கண்டதனாலேதான். ஜெபம் வெறும் வார்த்தை என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. என் ஆட்சேபம் ஜெபத்தை மதியாதவனுடைய ஆட்சேபம் அன்று.

இவ்வழக்கத்துக்கு மூலமாக எல்லாரும் காட்டுவது அப்போஸ்தலனாகிய பவுலின் நிருபங்களை. அவற்றையே எடுத்துப் பார்ப்போம். தெசலோனிக்கேயருடைய அன்பு பெருகும்படி அவர் செய்த மன்றாட்டு, அவர்களுக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் மூன்றாம் அதிகாரத்தின் இறுதியில் வருகிறது. அதற்கு முன்னே அந்த அதிகாரம் முழுவதும் எதைச் சொல்கிறது? அவர்களைப் பிரிந்த வேதனையைத் தாங்கமாட்டாமல், அத்தேனே பட்டணத்தில் தாம் தனியே இருந்தாலும் பாதகமில்லை என்று தீமோத்தேயுவை அவர்களிடம் அனுப்பியதையும், அவன் போய் அவர்களுடைய விசுவாசத்தையும் அன்பையும் நேரில் கண்டு திரும்பிவந்து சொன்ன நற்செய்தியால் தமக்கு உயிர் வந்ததையும், அவர்கள் முகத்தைக் காணவும் அவர்கள் விசுவாசத்தில் உள்ள குறைவை நிறைவாக்கவும் இரவும் பகலும் தாம் வேண்டிக்கொள்வதையும் சொல்லிய பிறகே அவர்களுடைய அன்பு பெருகவேண்டும் என்ற விண்ணப்பத்துக்கு அவர் வருகிறார். கொலோசெயரை அவர் கண்ணால் கண்டதில்லை. ஆனால் அவ்வூரானாகிய எப்பாப்பிரா அவர்களுடைய அன்பைப் பற்றிச் சொல்லக் கேட்ட நாள் முதற்கொண்டுதான் அவர்களுக்காக மன்றாடுகிறார். பிலிப்பியிலிருந்து எப்பாப்பிரோதீத்து காணிக்கையைச் சுமந்துகொண்டு வந்து, வந்த இடத்தில் மரணத்துக்கு ஏதுவாக வியாதிப்பட்டிருக்கிறான். எபேசியருக்கான மன்றாட்டும் அவர்களுடைய விசுவாசத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதைச் சொல்லியே தொடங்குகிறது. ஆகவே பவுலின் மன்றாட்டு ஒவ்வொன்றுக்கும் முன்னே செய்தி ஒன்று வந்து சேர்ந்திருக்கிறது. அச்செய்தியைக் கொண்டுவர யாரோ ஒருவன் வழிநடந்து கால் தேய்ந்திருக்கிறான். நாம் மன்றாட்டை எடுத்துக்கொண்டு, தீமோத்தேயுவை வீட்டிலே நிறுத்திவிட்டோம்.

பிலிப்பியருக்காக அவர் கேட்பதோ இதனினும் தெளிவானது. அவர்களுடைய அன்பு அதிகமாக வேண்டும் என்பதோடு நில்லாமல், அறிவிலும் உணர்விலும் அது பெருகி, இன்னது உத்தமம் என்று பகுத்தறியத் தக்கதாக வேண்டும் என்று கேட்கிறார். அறிவோடு கூடிய அன்பைப் பிறருக்குக் கேட்கிறவன், தான் யாருக்காகக் கேட்கிறானோ அவர்களை அறியாமலிருப்பதில் எவ்விதத் தோஷமும் இல்லை என்று சொல்வானாகில், தன் விண்ணப்பத்தைத் தன் வாழ்க்கையாலேயே மறுதலிக்கிறான் என்றுதான் நான் கருதுகிறேன்.

தோட்டத்து விசுவாசிகள் என்று நாம் மொத்தமாகச் சொல்லிவிடுகிறோமே, அவர்கள் யார்? 1885-இல் வில்லியம் கேமரன் அளந்துசென்ற இம்மலையில், 1929-இல் ரஸ்ஸல் என்பவர் போ தோட்டத்தைத் திறந்தபோதும், 1933-இல் பாரத் தோட்டம் தொடங்கப்பட்டபோதும், காட்டை அழித்துச் செடி வைத்த தமிழர்களில் கிறிஸ்தவர்கள் சிறுபான்மையினரே. பெரும்பான்மையோர் மாரியம்மனையும் முருகனையும் கும்பிட்டவர்கள். அச்சிறுபான்மையின் பேரப்பிள்ளைகளில் பலர் இன்று ஈப்போவிலும் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் வேலை பார்க்கிறார்கள். லயத்தில் எஞ்சியிருப்பவர்களில் வயது சென்றவர்களே அதிகம். இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக விரலால் கிள்ளிய காலம் போய், கத்தரியாலும், இருவர் இருபுறமும் பிடித்துச் செல்லும் இயந்திரத்தாலும் கொழுந்து வெட்டுகிற காலம் வந்து, வெட்டுகிற கைகளும் பெரும்பாலும் வங்காளதேசத்தினுடையவையும் நேப்பாளத்தினுடையவையும் இந்தோனேசியாவினுடையவையுமாக மாறிவிட்டன. மலைநாட்டுத் தோட்டங்களில் வீடு என்பது வேலையோடு கட்டப்பட்டது. வேலை முடியும் நாளில் வீட்டையும் ஒழித்துக் கொடுக்கவேண்டும் என்ற கவலை, மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் வாழ்ந்தவர்களையும் விடுவதில்லை.

இவற்றை அறிந்தவனுக்கு விசுவாசத்தில் வளர்தல் என்பதன் பொருளே மாறிவிடும். ஓய்வுபெறும் வயதை நெருங்குகிற ஒரு தாய் விசுவாசத்தில் வளரவேண்டும் என்று கேட்கும்போது, அடுத்த ஆண்டு தன் பாத்திரங்களை எந்த வீட்டின் அடுப்பங்கரையில் வைப்பது என்று அறியாத ஒருத்தி, அந்த அறியாமையின் நடுவிலும் தேவனை நம்பவேண்டும் என்று நாம் கேட்கிறோம். அதை அறிந்து கேட்கிறவன் அவ்வளவு எளிதில் ஆமென் சொல்லிவிட மாட்டான். அவளுக்கு வீடு எங்கே என்ற கேள்வி அவனுடைய தொண்டையில் நிற்கும். அன்பில் வளர்தலும் அப்படியே. காலைப் பெரட்டில் ஆள் பிரித்து, மாலையில் கொழுந்தின் நிறையைப் புத்தகத்தில் குறிக்கிற மண்டோர் ஒருவர் ஞாயிற்றுக்கிழமையில் நம் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் அன்பில் வளரவேண்டும் என்ற மன்றாட்டு, தமிழ் தெரியாத, மலாயும் சரியாகப் பேசவராத, எடைக்கணக்கில் கூலி வாங்குகிற ஓர் அந்நிய இளைஞனின் மூட்டை தராசில் ஏறும் அந்த நிமிஷத்தில்தான் கேட்கப்பட்டதா இல்லையா என்பது வெளிப்படும். நம்முடைய பாட்டனார் காலத்தில் கங்காணி நம்மவரை நடத்திய விதத்தை இன்றும் மனம் கொதித்துப் பேசுகிற நாம், இந்த மண்டோருக்காக மன்றாடும்போது அந்தத் தராசை நினைக்கிறோமா? நினைக்காமல், அன்பு, அன்பு என்று எத்தனை முறை சொன்னாலும் அது எவரையும் சென்று தொடாது. எவரையும் தொடாத விண்ணப்பம் சொல்பவருக்குச் சௌகரியமாக இருக்கிறது. மறுக்கப்பட்டதா அருளப்பட்டதா என்று பின்னாளில் பார்த்தறிய வழியே இல்லாதபடி அது அமைந்துவிடுகிறது. இதைப் பணிவு என்று சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கேட்பதற்குத் துணியாமையைப் பணிவு என்று அழைப்பது நியாயமன்று.

தேவன் அறிவார் என்ற வாதத்துக்கு விடை மலைப்பிரசங்கத்திலேயே இருக்கிறது. நாம் வேண்டிக்கொள்வதற்கு முன்னமே நமக்கு இன்னது தேவை என்று பிதா அறிந்திருக்கிறார் என்று சொன்ன அதே மூச்சில், அன்றாட அப்பத்தைப் பெயர் சொல்லிக் கேட்கும்படி இயேசு கற்பித்தார். தேவனுக்குத் தெரிவிப்பதற்காக நாம் விவரம் அறிய வேண்டியதில்லை என்பது மெய்தான். நாம் மாறுவதற்காக அறியவேண்டும். இனி ஜெபிப்பதில்லை என்று இருப்பதைத் தனக்குப் பாவமாக எண்ணிய சாமுவேல் தீர்க்கதரிசி, அதைச் சொன்ன வாயாலேயே, ஜனங்களுக்கு நன்மையான வழியைப் போதிப்பேன் என்றும் சேர்த்துக்கொண்டார். யாக்கோபின் நிருபமோ, வஸ்திரமும் ஆகாரமும் இல்லாத சகோதரனைப் பார்த்து நல்வார்த்தை சொல்லி அனுப்பிவிடுகிறவனை எவ்வளவு கடுமையாகக் கேட்கிறது என்பது யாவரும் அறிந்ததே.

எதிர்த்தரப்பில் மதிக்கத்தக்க கருத்து ஒன்று உண்டு. விவரம் அறிந்து ஜெபிப்பது, ஜெபக்குறிப்பு என்ற பெயரில் புறங்கூறலாக முடிந்துவிடும் என்பது அது. லயங்களில் ஒரு வீட்டின் சுவரே அடுத்த வீட்டின் சுவராகவும் இருப்பதால், கூட்டத்தில் வாய்விட்டுச் சொன்ன ஒரு குடும்பத்தின் துக்கம் மறுநாள் பெரட்டுக்கு முன்னே ஊரெங்கும் பரவிவிடும் என்பது உண்மை. ஆனால் அறிந்திருப்பது வேறு, அறிவித்துக்கொண்டிருப்பது வேறு. சீனாவின் யுன்னான் மலைகளில் லீசு மக்களிடையே ஊழியம் செய்து 1938-இல் மறைந்த ஜேம்ஸ் ஃபிரேசர், இங்கிலாந்தில் தம் தாயார் திரட்டிய சிறு ஜெபக்குழுவுக்கு மலையின் நிலைமையையும், கிராமங்களின் போக்கையும், தம்முடைய சோர்வையும் தோல்வியையும் நீண்ட கடிதங்களாக எழுதிக்கொண்டே இருந்தார். பொதுப்படையான மன்றாட்டு தமக்குப் போதாது என்பதே அவருடைய கட்சி. அவர் சேர்ந்திருந்த சீன உள்நாட்டு மிஷன்தான், 1950-களின் தொடக்கத்தில் சீனாவை விட்டு வெளியேறியபின், மலாயாவின் புதுக் கிராமங்களில் பணிசெய்ததும், தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக 2001 வரையில் இதே கேமரன் மலையில் பள்ளி ஒன்றை நடத்திவந்ததும். பல்லாயிரம் மைலுக்கு அப்பாலிருந்து கப்பலில் கடிதம் வந்து சேர்ந்த காலத்தில் ஃபிரேசரின் ஜெபக்குழுவினர் அறிந்து ஜெபித்தார்கள். நாமோ ஈப்போவிலிருந்து இரண்டு மணி நேரத்தில் காரில் ஏறிவந்து, அறியாமல் ஜெபித்துவிட்டுப் போகிறோம்.

அறியாமையின் விளைவு இன்னொன்றும் உண்டு. சகோதரர் என்று நாம் சொல்லும்போது நம் பாஷை பேசுகிறவர்களையே எண்ணுகிறோம். இம்மலையின் ஆதிகுடிகளான செமாய் மக்களிலும் கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள். பர்மாவின் சின் மலைகளிலிருந்து அடைக்கலம் தேடி ஓடிவந்து, காய்கறித் தோட்டங்களில் அகதிகளாக உழைத்தவர்களிலோ மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். தெசலோனிக்கேயருக்காகப் பவுல் கேட்ட அன்பு ஒருவருக்கொருவர் கொள்ளும் அன்போடு முடியாமல் எல்லா மனிதரையும் நோக்கி விரிகிறது. தேயிலைத் தோட்டத்து விசுவாசிகள் என்ற நம் தொடரிலோ இவர்களுக்கு இடமில்லை. இவர்கள் விலக்கப்பட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. யாரும் போய்க் கேளாதபடியால் இவர்கள் இருப்பதே நமக்குத் தெரியவில்லை.

இதையெல்லாம் ஒரு தமிழர் நமக்கு முன்பே உலகறியச் சொல்லியிருக்கிறார். திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1910-இல் எடின்பரோ உலக மிஷனெரி மாநாட்டில், தமக்கு உபகாரிகளாக இருந்த மேல்நாட்டார் நடுவிலே நின்று, உங்கள் தியாகத்துக்கு இந்தியத் திருச்சபை நன்றி செலுத்தும், ஆயினும் எங்களுக்கு வேண்டியது உங்கள் சிநேகம் என்ற கருத்தை அஞ்சாமல் எடுத்துரைத்தார். அங்கே இருந்தவர்கள் இந்தியருக்காக ஜெபியாதவர்கள் அல்லர். நாள்தோறும் முழங்காலில் நின்றவர்கள். அவர் கண்ட குறை, அந்த ஜெபமும் தானமும் மேலேயிருந்து கீழே இறங்குவனவாகவே இருந்தன என்பது. அவர் வெள்ளையரைப் பார்த்துச் சொன்னதைப் பட்டணத்துத் தமிழரைப் பார்த்துத் தோட்டத்துத் தமிழர் இன்று சொல்லலாம். மரியாதையால் சொல்லாமல் இருக்கிறார்கள்.

பவுலோ அப்படி மேலே நின்றவர் அல்லர். தெசலோனிக்கேயருக்கு அவ்வளவு மன்றாடியபின், எங்களுக்காக நீங்களும் வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவர்களிடமே கேட்டுக்கொள்கிறார், கொலோசெயரிடமும் கேட்கிறார், எபேசியரிடம், தாம் தைரியமாய்ப் பேசும்படி தமக்கு வாக்கு அருளப்படவேண்டும் என்று, தம் பலவீனம் இன்னது என்பதையும் மறைக்காமல் கேட்கிறார். நம் தியான முகாம்களின் நிகழ்ச்சி நிரல்களைப் பார்த்திருக்கிறேன். தோட்டத்துக்காக ஜெபவேளை என்று எழுதப்பட்டிருக்கும். ரிங்லெட்டிலோ ஹாபுவிலோ ஒரு சிறிய சபையின் வாசலில் போய் நின்று, எங்கள் பட்டணத்துச் சபைகள் அன்பில் குளிர்ந்துபோயின, எங்கள் பிள்ளைகள் எங்களோடு பேசுவதில்லை, எங்களுக்காக நீங்கள் ஜெபியுங்கள் என்று கேட்பதற்கு ஒரு வேளை குறிக்கப்பட்டிருந்ததை நான் எந்த நிரலிலும் கண்டதில்லை.