பிரான்சிஸ் டேயின் மலை மீன்கள்

பிரான்சிஸ் டே என்றாலே நமக்கு 'இந்திய மீன்கள்' (1875–78) தான். கடல் மீனோ ஆற்று மீனோ, இன்றும் அதைத்தான் புரட்டுகிறோம். எனக்கு முக்கியமாகப்படுவது, நீலகிரி மீன்களையும் அடிவார ஆறுகளின் மீன்களையும் பட்டியலிட்ட அவருடைய 1867 கட்டுரை.

ஆனா ஒன்று இடிக்கிறது. அதே 1860களில் ட்ரவுட் மீனை ஊட்டிக்குக் கொண்டுவர முயன்றவரும் அவரே. அது பலிக்கவில்லை, அவலாஞ்சி பொரிப்பகம் வந்த பிறகே ட்ரவுட் வேரூன்றியது. சின்ன மீனைத் தின்னும் புது மீன் வந்தால் ஓடை மீன்கள் என்னாகும்? சூழலியல் என்ற சொல்லே 1866இல்தான் பிறந்தது. டேயை மட்டும் குறை சொல்ல முடியாது.

இன்றைக்கு இழப்பை அளக்க அவர் பட்டியல்தான் வேண்டியிருக்கிறது. ஓடையை மாற்றப் பார்த்தவரும் அதற்குச் சாட்சி வைத்துப் போனவரும் ஒரே ஆள். என்னைக் கேட்டால், அவரை இரண்டாகவும் சேர்த்தே படிக்கணும்.